பூஷே வரைந்த சூரிய உதயத்தில் ஏன் இவ்வளவு கூட்டம்?

காசிமேடு வாசகர்:
பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1752, 1753 ஆம் ஆண்டுகளில் தீட்டிய ‘சூரிய அஸ்தமனம்’, ‘சூரிய உதயம்’ ஆகிய இரு ஓவியங்களைப் பற்றி விளக்கம் வேண்டுகிறேன். மீன் ஏலம் சூடுபிடிக்கும் விடியற்காலையில், விசைப்படகுகளுக்கு அப்பால் கடலிலிருந்து சிவந்த வட்டம் மேலெழுவதைப் பார்த்துப் பழகிய கண்கள் என்னுடையவை. பூஷேயின் உதயத்திலோ கடல்தேவதைகளும் சிறகு முளைத்த குழந்தைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, அவர்களுக்கு நடுவே சூரியனைத் தேட வேண்டியிருக்கிறது. ரொக்கோக்கோ எனும் அக்காலப் பிரெஞ்சு அலங்காரப் பாணியின் மிகை என்று இதை விட்டுவிடலாமா?

தண்டையார்பேட்டை ஓவிய ஆசிரியர்:
மிகை உண்டு, ஐயா. ஆனால் காரணமும் உண்டு. அங்கே சூரியன் அப்போலோதான். கிரேக்கக் கதையில் அவர் காலையில் கடல்தேவி தெதிஸை விட்டுப் பிரிந்து தேரேறுகிறார். மாலையில் அவளிடமே இறங்கி வருகிறார். நம் சூரியனின் ஏழு குதிரைகளும் அருணனும் நினைவுக்கு வருவது இயல்பே. முதலில் அப்போலோவின் உடலைப் பாருங்கள், பிறகு அதிலிருந்து விலக விலக மற்றவர்களின் மேனியில் ஒளி எப்படித் தணிகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, இவை மாதிரிப் படங்கள். பதினைந்தாம் லூயி மன்னரின் காதலியான பொம்பதூர் சீமாட்டிக்காக, பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சுவர்ச் சித்திரத் துணிகளாக நெய்வதற்கென்றே வரையப்பட்டவை. ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம். துணியின் பின்புறத்தைப் பார்த்தபடியே நூல் நூலாகக் கோக்கும் நெசவாளருக்கு, சாயம் தோய்த்த கம்பளி நூலையும் பட்டு நூலையும் கொண்டு நிறத்தை ஏற்றி இறக்க ஆடைமடிப்பும் அலைநுரையும் இடமளிக்கின்றன. அகன்ற வெறும் வானம் நெய்தால் செத்துக் கிடக்கும்.

திருவொற்றியூர் வாசகர்:
ஆசிரியர் சொல்லும் தேவையை ஏற்கிறேன். ஆனாலும் பிரெஞ்சு எழுத்தாளரும் கலை விமர்சகருமான தீதரோ அக்காலத்திலேயே பூஷேயிடம் எல்லாம் இருக்கிறது, உண்மை மட்டும் இல்லை என்று கடிந்தார். அக்கண்டனம் உதயத்துக்குப் பொருந்தும் என்பதே என் கருத்து. அதிலுள்ள முகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அஸ்தமனம் அப்படியன்று. மேலிருந்து இருள் கவியத் தொடங்கிவிட்டதால், அப்போலோவுக்கும் தெதிஸுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வெளிச்சத்துக்கு உண்மையான அவசரம் வந்துவிடுகிறது.

காசிமேடு வாசகர்:
இருவருக்கும் நன்றி. அவை லண்டன் வாலஸ் காட்சியகத்தில் பெரிய மாடிப்படிக்கு மேலே இருப்பதாக அறிகிறேன். படியேறும்போது கீழிருந்து பார்ப்பவருக்கு முதலில் எது கண்ணில் படும்?