ஸ்டென்ட் இருக்கும்போது சிறுநீர் கழித்தால் விலாவில் ஏன் வலிக்கிறது?

வணக்கம். சிறுநீர்க்குழாயில் அடைத்திருந்த கல்லை எடுத்துவிட்டு டிஜே ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை போகும், இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய்) வைத்திருக்கிறார்கள், இன்று ஆறாம் நாள். காய்ச்சல் இல்லை, மருந்தும் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் என் கேள்வி வலி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி மட்டும்தான்.

கல் வலி ஓரளவு புரிந்துவிட்டது. கல் உரசுவதைவிட, அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறி சிறுநீரகத்தின் உள்ளறையும் மேலுறையும் இழுபடுவதுதான் முக்கியக் காரணமாம். அந்த நரம்புகள் முதுகுத்தண்டில் சேரும் அதே மட்டத்தில் விலா, தொடையிடுக்கு நரம்புகளும் வந்து சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்பிவிடுகிறது. சரி.

சிறுநீர்ப்பை நிறைவது தெரிவதும் இழுபடுவதால்தானே? உள்சுவர் செல்கள் விரிந்து ஏடிபி என்ற வேதிப்பொருளை வெளிவிட, அது நரம்பைத் தூண்டுகிறது. பீஸோ2 என்ற புரதமும் இழுவையை உணர்கிறது (பீஸோ புரதங்களைக் கண்டுபிடித்ததற்கு 2021இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்).

ஆனால் எனக்கு நடப்பது வேறு. கழிக்கத் தொடங்கி பை சுருங்கும் அந்த நொடியில் வலது விலாவில் சுருக்கென்று பிடிக்கிறது, முடித்து அரை நிமிடத்தில் சுவடே இல்லாமல் போய்விடுகிறது. ஸ்டென்ட் வழியாகச் சிறுநீர் திரும்பி மேலே ஏறுவதாலா? அப்புறம், கொஞ்சம் சேர்ந்தாலே அவசரமாக வருகிறதே, அது ஸ்டென்டின் கீழ்ச்சுருள் பையின் அடியில் உரசுவதாலா, இல்லை அழற்சியால் சும்மா கிடந்த சி நரம்பிழைகள் (வலி, எரிச்சலைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள்) விழித்துக்கொண்டதாலா?

சிறுநீரகவியல் தெரிந்தவர்கள், ஸ்டென்டோடு இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். உட்கார்ந்து போனால் உங்களுக்கு வலி குறைந்ததா?