புதுப்பிப்பு: சமரசர் பயிற்சி முடித்தாச்சு

சமரசர், அதாவது வழக்கில் இரு தரப்பும் பேசித் தாங்களே ஒரு முடிவுக்கு வர நடுவில் இருந்து உதவுபவர். அப்படி ஆவதற்கான 40 மணி நேரப் பயிற்சியில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்து முடித்துவிட்டேன்.

சட்டப் பாடம் கொஞ்சம்தான். பெரும்பகுதி நடித்துப் பார்ப்பது. அண்ணன் தம்பி வீட்டுப் பங்குத் தகராறில் நான் நடுவில். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல வாய் துறுதுறுக்கும், சொல்லவே கூடாது. "மாடி போர்ஷன் உங்களுக்கு ஏன் முக்கியம்?" என்று கேட்டேன். அம்மா கடைசிவரை இருந்த இடம் என்றார் தம்பி. அப்புறம்தான் பேச்சே நகர்ந்தது. தனியாகப் பேசும்போது ஒருவர் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் மற்றவரிடம் சொல்லவும் கூடாது.

நீதிமன்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவில் சமரசப் பேச்சுக்கு அனுப்பிய வழக்கு சமரசமானால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் வழக்கு வந்துவிடாது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தின் சமரசர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.