விண்டோஸ் மாற்றியதும் திறக்காமல் போன பேரேடுகள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர் கொண்டுவந்த சிபியு கதை இது.

செட்டியார் இருந்த காலத்தில் பர்மாக் கடைப் பேரேடுகளை ஸ்கேன் செய்து டி டிரைவில் போட்டு, புராப்பர்ட்டீஸில் 'என்கிரிப்ட்' (ஃபைலைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி, ஈஎஃப்எஸ் என்பார்கள்) டிக் அடித்து வைத்திருக்கிறார். பிறகு மெஷின் இழுக்கிறது என்று யாரோ விண்டோஸ் 10 புதிதாக ஏற்றிவிட்டார்கள். ஃபைல் பெயர்கள் தெரிகின்றன, ஐகான் மேல் குட்டிப் பூட்டு. திறந்தால் 'ஆக்சஸ் டினைடு'.

எல்லோரும் சொல்லும் வைத்தியம் 'டேக் ஓனர்ஷிப்'. இதற்கு அது வேலைக்காகாது. பட்டா நம் பெயருக்கு மாறினால் இரும்புப் பெட்டி திறந்துவிடுமா? பழைய பெயரிலேயே, பழைய பாஸ்வேர்டிலேயே புது யூசர் உருவாக்கினாலும் பயனில்லை. விண்டோஸ் அவருக்கு வேறு எஸ்ஐடி எண் (யூசரை உள்ளுக்குள் அடையாளம் காணும் எண்) கொடுத்துவிடும்.

சாவி இருப்பது பழைய யூசரின் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள். அங்கே கிரிப்டோ, புரொடெக்ட், சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற மூன்றும் வேண்டும். நல்லவேளை, சி டிரைவை ஃபார்மேட் அடிக்காமல் ஏற்றியிருந்தார்கள், பழைய விண்டோஸின் ஃபைல்கள் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் கிடந்தது. 10 நாள் போனால் விண்டோஸே அதை அழித்துவிடும் என்பதால் முதலில் அதை வேறு டிஸ்கில் காப்பி எடுத்தேன்.

அப்புறம் பழைய பாஸ்வேர்டு. அது இல்லாமல் சாவி கிடைத்தும் புண்ணியமில்லை.

"அவுக வைச்சது நம்ம கோயில் பேராத்தான் இருக்கும் தம்பி" என்றார் ஆச்சி. நகரத்தார் கோயில் ஒன்பதில் அவர்களுடையது இலுப்பைக்குடி. சரி, இங்கிலீஷில் அதற்கு ஒரு 'எல்'லா, ரெண்டா? கடைசியில் 'ஒய்'யா, 'ஐ'யா? மாற்றி மாற்றி அடித்ததில் ரெண்டு 'எல்' போட்டது பொருந்தியது. எல்காம்சாஃப்ட்டின் ஈஎஃப்எஸ் ரெகவரி மென்பொருள் (காசு கொடுத்து வாங்குவது) மீதியைப் பார்த்துக்கொண்டது. முதலில் திறந்த பக்கத்தில் வட்டிக் கணக்கு. ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், கடையில் அடுத்த ஆள் காத்திருப்பதைக் கவனிக்கவே இல்லை.

சி டிரைவை ஃபார்மேட் அடித்து மேலே விண்டோஸ் ஏற்றிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சாவியை வேறெங்கும் எடுத்து வைக்காதவர்களை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏற்றுவதற்கு முன் 'சைஃபர் /எக்ஸ்' கட்டளை கொடுத்தால் சாவி பிஎஃப்எக்ஸ் ஃபைலாக வந்துவிடும், பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். புது விண்டோஸில் அதை டபுள் கிளிக் செய்து, சாவியை எடுக்கும்போது கொடுத்த பாஸ்வேர்டை அடித்தால் போதும்.

*

(இதைப் படித்த ஒருவரின் பதில்) அண்ணே, நான் தேவகோட்டை. எங்களுக்கு வந்தது பிட்லாக்கர், டிரைவ் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் மாற்றியதும் டி டிரைவ் 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. வீட்டில் யாரும் அதைப் போட்ட ஞாபகமே இல்லை. சில லேப்டாப்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்ததும் தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். மகள் அக்கவுண்ட்டில் போய்ப் பார்த்தால் கீ அங்கேயே இருந்தது. வரிசையாக ரெண்டு மூன்று கீ இருந்தால் திரையில் காட்டும் கீ ஐடியோடு ஒத்துப் பார்த்து அடியுங்கள்.