தூதரகங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோவதுதான் பாதுகாப்பா?

கடலோடி:
1998 ஆகஸ்ட் 7 அன்று கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களை அல் காய்தா தாக்கியதில் 224 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் சட்டம் வந்தது: புதிய தூதரகக் கட்டடம் எல்லைச் சுவரிலிருந்து 100 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். சரியான முடிவு. நைரோபித் தூதரகம் நகரின் நடுவே, தெருவை ஒட்டி இருந்தது. இந்த இடம் ஆபத்தானது, மாற்றுங்கள் என்று தூதர் புரூடென்ஸ் புஷ்னெல் வாஷிங்டனுக்கு முன்பே எழுதியிருந்தார். யாரும் மாற்றவில்லை.

மேகலா:
எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் கோட்டைக்குள் போய்விட்டால் அந்த நாட்டு மக்களை யார் சந்திப்பது? அதுதானே தூதரின் வேலை? 2003-ல் இஸ்தான்புல்லில் அமெரிக்கத் துணைத் தூதரகம் நகரின் நடுவிலிருந்து இஸ்தினியே குன்றுக்குப் போனது. அந்த நவம்பரிலேயே நகருக்குள் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தின் மீது லாரி குண்டு வெடித்தது. துணைத் தூதர் ரோஜர் ஷார்ட் இறந்தார். வசதி உள்ளவன் சுவர் எழுப்பினால் ஆபத்து பக்கத்து வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கடலோடி:
பக்கத்து வீட்டை நினைத்துத்தான் நானும் சொல்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் இறந்த 224 பேரில் அமெரிக்கர்கள் 12 பேர்தான். நைரோபியில் தூதரகத்தை ஒட்டியிருந்த உஃபுண்டி கட்டடம் அப்படியே சரிந்தது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் அமெரிக்க அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? தூதரகம் ஊருக்கு வெளியே இருந்திருந்தால் அவர்கள் அன்று மாலை வீடு திரும்பியிருப்பார்கள்.

பாரி:
இருவரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். வாசலைப் பாருங்கள். 2008 ஜூலை 7, காபூல் இந்தியத் தூதரகம். வாசலில் கார் குண்டு, 58 பேர் பலி. பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் வெளியுறவு அதிகாரி வெங்கடேஸ்வர ராவும் காரில் உள்ளே நுழையும் நேரம் அது, இருவரும் இறந்தார்கள். காவலில் இருந்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் இருவரும் உயிரிழந்தார்கள். ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்கானியப் பொதுமக்கள், விசாவுக்காக வந்து காத்திருந்தவர்கள் உட்பட. 2009 அக்டோபரில் மறுபடி தாக்கினார்கள். சுவர் உள்ளே இருந்தவர்களைக் காத்தது, வெளியே 17 பேர் இறந்தார்கள். எவ்வளவு தள்ளிக் கட்டினாலும் வரிசை தெருவில்தான் நிற்கும் என்றால் அது யாருக்கான பாதுகாப்பு? விசா வேலையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், ஆளுக்கொரு நேரம் கொடுங்கள், கூட்டம் சேர விடாதீர்கள்.

மேகலா:
பாரி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். இன்னொன்று. நைரோபியில் குண்டு லாரியை உள்ளே விட மறுத்தவர்கள் ஆயுதமே இல்லாத உள்ளூர்க் காவலர்கள். தாக்க வந்தவன் முதலில் கையெறி குண்டு வீசினான். சத்தம் கேட்டு மக்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள், அப்புறம்தான் பெரிய வெடிப்பு. கண்ணாடி பாய்ந்து எத்தனையோ பேருக்குப் பார்வை போனது. ஜன்னலை விட்டு விலகித் தரையில் படுங்கள் என்று சொல்ல ஒரு அலாரம், கண்ணாடி சிதறாமலிருக்க ஒரு படலம், காவலர் கையில் நல்ல வயர்லெஸ். இவற்றை அக்கம்பக்கக் கட்டடங்களுக்கும் சேர்த்துச் செய்யலாமே. மேலும், தூதரகத்தைக் காக்கும் தனிக் கடமை அந்தந்த நாட்டு அரசுக்கு உண்டு என்கிறது 1961 வியன்னா உடன்படிக்கை.

கடலோடி:
அந்தக் கடமையைச் செய்ய அங்கே வலுவான அரசு வேண்டுமே. 2012-ல் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் கொல்லப்பட்டபோது லிபிய அரசால் என்ன செய்ய முடிந்தது? வரிசை விஷயத்தில் பாரியோடு நிற்கிறேன். 100 அடியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.