டார்போல்ட்டன் ரீல்: கோல்மனின் இசைத்தட்டும் அச்சான குறிப்புகளும்

கேள்வி

ஃபிடிலில் ஐரிஷ் மரபு மெட்டுகளைப் பயின்று வருகிறேன். ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1934-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த ‘டார்போல்ட்டன்’ என்ற ரீலை (விரைவான நடன மெட்டை) அந்தப் பதிவைக் கேட்டே கற்கத் தொடங்கினேன். கிடைத்த ஸ்வரக்குறிப்புகளை அதனுடன் ஒப்பிட்டால், முதல் பகுதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, இரண்டாம் பகுதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. போதாததற்கு, ஈ டோரியனில் (ஈ ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட ஒரு ஸ்வர வரிசையில்) அமைந்த இந்த மெட்டு என்னிடமுள்ள ஒலிநகலில் ஏறத்தாழ எஃப்-இல், அதாவது அரைச்சுரம் மேலே, ஒலிக்கிறது. இதன் பதிவுகளையும் குறிப்புகளையும் முறையாகத் தேட எங்கிருந்து தொடங்க வேண்டும்? பெரும்பாலானோர் வாசிக்கும் வடிவத்தையே சரியான பாடமாகக் கொள்ளலாமா?

முதல் பதில்

பெரும்பான்மையை இந்த மெட்டில் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்லைகோ மாவட்டத்துக் கில்லாவிலில் 1891-இல் பிறந்து, 1914-இல் அமெரிக்கா சென்ற கோல்மன் நியூயார்க்கில் பதிவுசெய்த தட்டுகள், கடல் கடந்து அயர்லாந்துக்கே வந்து சேர்ந்தன. அங்கிருந்த கலைஞர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடம் செய்தார்கள். அந்தத் தட்டில் டார்போல்ட்டனைத் தொடர்ந்து ‘லாங்ஃபோர்ட் கலெக்டர்’, ‘செய்லர்ஸ் பானெட்’ என்ற இரு ரீல்கள் வருகின்றன. இன்றும் பலர் கூடி வாசிக்கும் செஷன்களில் இம்மூன்றையும் அதே வரிசையில் கேட்கலாம். ஆகவே ஒரு பதிவில் இந்த வரிசை அப்படியே இருந்தால், அது கோல்மனின் தட்டிலிருந்து கிளைத்ததாக இருக்கலாம் என்று முதலில் ஐயுறுங்கள். ஒரே ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த சுவடிகளைப் பதிப்பாசிரியர்கள் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவதில்லை அல்லவா? அதுபோல், அத்தகைய பதிவுகள் ஐம்பது கிடைத்தாலும் அவை ஒரே சாட்சிதான்.

தட்டுக்கு அப்பால் செல்ல வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் பக்கம் திரும்ப வேண்டும். டார்போல்ட்டன் அங்கே அயர்ஷயரில் உள்ள ஊர். ‘டார்போல்ட்டன் லாட்ஜ்’ என்ற ஸ்காட்டிஷ் ரீல்தான் இதன் மூலம். அதன் இரண்டாம் பகுதியையும் கோல்மன் வாசிப்பதையும் அருகருகே வைத்தால், எவை அவர் கைவண்ணம், எவை மெட்டின் எலும்புக்கூடு என்பது தெளிவாகத் தொடங்கும். பெயரை மட்டும் கொண்டு தேடுவதும் போதாது. ஐரிஷ் மரபில் ஒரே மெட்டு பல பெயர்களில் உலவும். தொடர்பில்லாத மெட்டுகள் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும். முதல் இரண்டு பார்களின் (தாளக் கட்டங்களின்) அழுத்தமான ஸ்வரங்களை எழுதிக்கொண்டு, அவற்றைக் கொண்டு தேடுங்கள்.

அச்சு நூல்களில் ஆண்டைப் பார்ப்பதே முதல் வேலை. சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல், 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பையும், 1907-இல் 1,001 நடன மெட்டுகள் கொண்ட தொகுப்பையும் வெளியிட்டார். அவற்றில் காணும் எந்த வடிவமும் கோல்மனின் தட்டிலிருந்து வந்திருக்க முடியாது. பிரெண்டான் பிரானக் 1963 முதல் வெளியிட்ட தொகுதிகள் தட்டுகளுக்குப் பிந்தியவை; ஆனால் ஒவ்வொரு மெட்டும் யாரிடமிருந்து பெறப்பட்டது என்று அவர் குறித்திருப்பதால், என் பார்வையில் அவையே மிகுந்த பயன் தருபவை.

இரண்டாம் பதில்

முதலில் சுருதி பற்றிச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டிய தட்டு 82-க்குச் சற்று மேல் சுழன்றாலே முழு வாசிப்பும் அரைச்சுரம் ஏறிவிடும். பதிவு செய்த இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தாலும், நகலெடுத்தபோது வேகம் கூடியிருந்தாலும் விளைவு ஒன்றே; ஃபிடிலையே உயர்த்திச் சுருதி சேர்த்திருக்கவும் இடமுண்டு. கோல்மன் திறந்த (விரல் பதிக்காத) தந்தியை இழுக்கும் இடங்கள் ஜி, டி, ஏ, ஈ என்று ஒலிக்கும்வரை நகலின் வேகத்தைக் குறைத்தால், விரல்கள் எங்கே விழுகின்றன என்பது புரியும். அதற்காக, அன்று அறையில் ஒலித்த சுருதி அதுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

தட்டைத் தேடும்போது, லேபிளில் உள்ள விற்பனை எண்ணைவிட மேட்ரிக்ஸ் எண்ணை (அந்தப் பதிவுக்கே உரிய அடையாள எண்ணை) பின்தொடருங்கள். ஒரே பதிவு பிற்காலத்தில் வேறு விற்பனை எண்களில் வெளிவந்தாலும், அந்த எண் அதை அடையாளம் காட்டிக்கொடுக்கும். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் பட்டியலில் இவ்வெண்களைத் தேடலாம். பிற்கால வாசிப்புகளுக்கு, 1987-இல் தொடங்கப்பட்டு இப்போது டப்ளினின் மெரியன் சதுக்கத்தில் இயங்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகத்தை நாடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நானே ஒரு குறிப்பை எழுதிப் பார்க்க விரும்புகிறேன். கோல்மன் மெட்டை இரண்டாம் முறை எடுக்கும்போது சில பார்களை மாற்றி வாசிக்கிறார், எதை எழுதுவது?

முதல் பதில் அளித்தவர்

இரண்டையும் எழுதுங்கள். ரீலின் ஒவ்வொரு சுற்றையும் தனி வரியாக, பார்கள் ஒன்றன்கீழ் ஒன்று அமையும்படி எழுதினால், எங்கே ரோல் (ஒரு ஸ்வரத்தைச் சுற்றி அண்டை ஸ்வரங்களைத் தொட்டுவரும் அலங்காரம்) போடுகிறார், எங்கே அதே இடத்தில் மும்மைச் சுரங்களை வைக்கிறார் என்பது கண்ணுக்கே தெரியும். நீங்கள் பார்த்த குறிப்புகளின் இரண்டாம் பகுதி மாறுபடுவதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்: ஒருவர் முதல் சுற்றையும் மற்றவர் அடுத்த சுற்றையும் எழுதியிருந்தால், இரண்டும் கோல்மனுக்கு உண்மையானவையே. ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் ஏபிசி குறியீட்டில் எழுதினால் எளிய எழுத்துக் கோப்பாக இருக்கும். இங்கே பகிர்ந்தால் பார் பாராகச் சேர்ந்து சரிபார்க்கலாம்.