புது உப்புநீர்த் தொட்டி: முதலில் எந்த உயிர்? (அவசரம்)

நீலத்தொட்டி:
எல்லாம் ரெடி. பாறை அடுக்கியாச்சு, லைட், ஹீட்டர், வேவ்மேக்கர் எல்லாம் ஓடுகிறது. தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, அமோனியா 0. இந்த வாரக் கடைசியில் வாங்கப் போகிறேன். க்ளவுன் மீன் ஒரு ஜோடி, அது தங்க ஒரு அனிமோனி (கடல் சாமந்தி), ப்ளூ டாங் மீன் ஒன்று, பையன் கேட்கிற மாண்டரின் மீன் ஒன்று. எதை முதலில் விடுவது? அப்புறம் பாறை மேல் பழுப்பாகத் தூசி படிகிறது. அதைத் தின்ன எத்தனை நத்தை வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நத்தைக்காரி:
எத்தனை லிட்டர்? எவ்வளவு நாளாக ஓடுகிறது? லைவ் ராக்கா (பாக்டீரியா உயிரோடு இருக்கும் கடல் பாறை), காய்ந்த பாறையா? நைட்ரைட், நைட்ரேட் எவ்வளவு? உப்பை எதில் அளந்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் நத்தைக்கு எண்ணிக்கை சொன்னால் அது ஜோசியம்தான்.

டாம்சல்தாசன்:
மூன்று டாம்சல் மீன் விடுங்கள் ப்ரோ. அது எதையும் தாங்கும். தொட்டி அதுவாகப் பழகிவிடும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

பழைய_உப்பு:
மாதம் தவறாமல் இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, கேளுங்கள். ப்ளூ டாங் கிட்டத்தட்ட ஓரடி வளரும், நீந்த நீளமான தொட்டி வேண்டும். மாண்டரின் நாள் முழுக்கக் கோபிபாட் என்ற பொடி உயிரைக் கொத்திக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் கோபிபாட் ஏது? பெரும்பாலான மாண்டரின் பெல்லட் தீனியைத் திரும்பியும் பார்க்காது, பட்டினியில் போய்விடும். அனிமோனி, தொட்டி பல மாதம் ஓடி நிலையான பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். நான்கு உயிர் எழுதியிருக்கிறீர்கள், மூன்று தப்பு.

நீலத்தொட்டி:
90 லிட்டர். மூன்று வாரம் ஆகிறது. காய்ந்த பாறை. நைட்ரைட் 0, நைட்ரேட் 0. எல்லாமே சைபர், நல்லதுதானே?

நத்தைக்காரி:
நைட்ரேட்டும் சைபரா? இந்த மூன்று வாரத்தில் அமோனியாவாகவோ மீன் தீனியாகவோ ஏதாவது போட்டீர்களா?

நீலத்தொட்டி:
இல்லையே. மீனே இல்லாத தொட்டியில் எதற்குத் தீனி?

நத்தைக்காரி:
அங்கேதான் சிக்கல். உங்கள் தொட்டியில் சைக்கிள், அதாவது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர்வது, இன்னும் தொடங்கவே இல்லை. பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட் ஆக்கி, அதை நைட்ரேட் ஆக்கி முடித்திருந்தால் கடைசியில் நைட்ரேட் கொஞ்சமாவது நிற்கும். தின்ன ஒன்றும் இல்லாததால் பாக்டீரியா வளரவே இல்லை. மீன் விட்ட பிறகுதான் அமோனியா ஏறத் தொடங்கும், அதைத் தின்ன அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

வாசனை சேர்க்காத அமோனியம் குளோரைடு கரைசலை, அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவுக்குப் போடுங்கள். அந்த அமோனியாவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் சைபராகி நைட்ரேட் தெரிகிறவரை மீன் வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது சகஜம். நடுவில் நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி ஓடாதீர்கள்.

பழுப்புத் தூசி டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், அதற்குத் தேவையான சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகவே போகும். அதற்காக இப்போதே நத்தை வாங்கினால் அமோனியாவில் செத்துவிடும். சைக்கிள் முடிந்த பிறகு நான்கைந்து ட்ரோக்கஸ் நத்தை போதும். அஸ்ட்ரியா நத்தை கவிழ்ந்து விழுந்தால் திரும்பத் தெரியாமல் அப்படியே கிடக்கும், ட்ரோக்கஸ் தானே எழுந்துவிடும்.

பாட்டில்_பாக்டீரியா:
இவ்வளவு காத்திருப்பு எதற்கு? கடையில் விற்கிற பாக்டீரியா பாட்டிலை ஊற்று, அன்றே மீன் விடு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய_உப்பு:
உங்களுக்கு ஆகவில்லை, மீனைக் கேட்டீர்களா? பாட்டில் நல்லதாக இருந்தால் வேகம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயிலில் கிடந்த பாட்டிலில் உயிரோடு என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஊற்றினாலும் அமோனியா போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

டாம்சல்தாசன்:
என் டாம்சல் யோசனைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நத்தைக்காரி:
சொல்கிறேன். அமோனியாவில் செவுள் வெந்து பிழைக்கிற மீனைத் "தாங்கும்" என்று சொல்வது கொடுமை. பிழைத்த பிறகு தொட்டி முழுவதும் தனதென்று அடுத்து வருகிற எல்லாரையும் துரத்தும். பாறையைக் கலைக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது.

டாம்சல்தாசன்:
க்ளவுனும் டாம்சல் குடும்பம்தான். போமாசென்ட்ரிடே. அதை மட்டும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்.

பழைய_உப்பு:
குடும்பம் ஒன்று என்றால் குணமும் ஒன்றா? ஆசெல்லாரிஸ் வகை க்ளவுன் தொட்டியிலேயே பொரித்து வளர்த்தது தாராளமாகக் கிடைக்கிறது, தீனிக்கும் பழகியிருக்கும்.

டாம்சல்தாசன்:
பெரிதான பெண் க்ளவுன் கையையே கடிக்கும். பார்த்ததில்லையா?

பழைய_உப்பு:
அதனால்தான் சின்னதாக இரண்டு வாங்கச் சொல்வது, ஒன்று கொஞ்சம் பெரியதாக. க்ளவுன் எல்லாம் முதலில் ஆண். இரண்டில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாகிவிடும், மற்றது ஆணாக அடங்கும். வளர்ந்த பெண் இரண்டைச் சேர்த்து விட்டால்தான் சண்டை. அனிமோனி இல்லாமலும் நிம்மதியாக இருக்கும். அதைப் போய் டாம்சலோடு...

டாம்சல்தாசன்:
யெல்லோடெய்ல் டாம்சலை வளர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மற்ற டாம்சலை விட எவ்வளவோ சாது.

மெல்லிய_அலை:
நீங்கள் இருவரும் வேறு எங்காவது போய்ப் பேசுங்களேன். நீலத்தொட்டி, 90 லிட்டருக்கு என் வரிசை: சாதுவான மீன் முதலில், முரடு கடைசியில். ஒரு ஃபயர்ஃபிஷ், சில வாரம் கழித்து க்ளவுன் ஜோடி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். க்ளீனர் இறால் ஆசை இருந்தால் உப்பு 35 பிபிடியில் (ஆயிரத்துக்கு 35 பங்கு) நிலையாக நிற்கட்டும், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி விடுங்கள். ஆடுகிற முள் வைத்த ஹைட்ரோமீட்டரில் அளந்திருந்தால், முள்ளில் குமிழி ஒட்டினாலே உப்பைக் கூட்டிக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்கி 35 பிபிடி கரைசலில் சரிபாருங்கள். பழைய தொட்டி என்றால் யாராவது தாமிர மருந்து போட்டிருந்தார்களா என்று விசாரியுங்கள், நத்தைக்கும் இறாலுக்கும் அது விஷம். முதல் பவளமாக மஷ்ரூம் நல்லது. ஜோவாந்திட் எடுத்தால் கையுறை போடாமல் தொடவே வேண்டாம், சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கும்.

நத்தைக்காரி:
நீலத்தொட்டி, உப்பை எதில் அளந்தீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

நீலத்தொட்டி:
முள் வைத்ததுதான். வேறு வாங்க ஆர்டர் போட்டாச்சு. அமோனியம் குளோரைடும் போட்டேன், இப்போது நைட்ரைட் ஏறுகிறது. டாங், அனிமோனி கேன்சல். மாண்டரினுக்குப் பையன் இன்னும் அடம். நன்றி.

மெல்லிய_அலை:
நல்லது. தொட்டிக்கு மூடி இருக்கிறதா? ஃபயர்ஃபிஷ் எகிறிக் குதிக்கும்.

டாம்சல்தாசன்:
யெல்லோடெய்ல் அவ்வளவாகக் குதிக்காது.