பிக்கப் டிரக்கின் பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

நாலுசக்கரம் எழுதியது:

வணக்கம். என் வண்டி நாலு சிலிண்டர் டீசல் பிக்கப். 2.5 லிட்டர், டர்போ உண்டு, ஏசி கிடையாது. ரேடியேட்டர் ஃபேன் பழைய வகை, வாட்டர் பம்ப் புல்லியில் விஸ்கஸ் கப்ளிங் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்து விடும் எண்ணெய் கிளட்ச்) வைத்து ஓடுவது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஏற்றத்தில் ஹீட் ஆகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "ஃபேன் வேலையைப் பார்த்தாச்சு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஹீட் ஆவது நின்றது, அது உண்மை. ஆனால் அன்றிலிருந்து சத்தம் தாங்கவில்லை. 2,500 ஆர்பிஎம் தாண்டினால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். காலையில் வண்டியை எடுத்த நிமிடத்திலிருந்து ராத்திரி நிறுத்தும் வரை ஒரே இரைச்சல். வண்டி முன்பு போல இழுக்கவும் இல்லை, டீசலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கிறது.

எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் சத்தம், இழுவை, மைலேஜ் மூன்றும் சரியாகிவிடும் என்கிறார்கள். 12 அங்குல ஃபேன் இரண்டு போட நினைக்கிறேன். ஆல்டர்னேட்டர் 65 ஆம்பியர். வாரத்தில் நாலு நாள் முழு லோடு, ஒன்றேகால் டன். வழியில் நீளமான ஏற்றம் ஒன்று இருக்கிறது. இந்த ஃபேன் தாங்குமா? சென்சாரை எங்கே வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரிலேக்காரன் எழுதியது:

தாராளமாகப் போடலாம். என் பெட்ரோல் பிக்கப்பில் போட்டு மூன்று வருடம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் லோடு அடிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்புகளை மட்டும் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

முதல் தப்பு வயர். வீட்டில் கிடந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்தேன். போக வர நாலு மீட்டர், 30 ஆம்பியர். கணக்குப் போட்டால் வயரிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகிறது. ஃபேன் சோம்பலாகச் சுற்றியது, வயரும் தொட்டால் சுட்டது. 6 ஸ்கொயர் மாற்றியதும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. எர்த்தை பாடியில் பெயின்ட் சுரண்டி மாட்டாமல் நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது தப்பு, ஃபேனுக்கான கரன்ட்டை இக்னிஷன் லைனிலிருந்தே எடுத்தது. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் இரண்டு நொடி ஓடிவிட்டுத்தான் நின்றது. பேய் பிடித்துவிட்டதா என்று பார்த்தால், சுற்றிக்கொண்டிருக்கிற ஃபேன் மோட்டாரே டைனமோ மாதிரி கரன்ட் கொடுத்து லைனை உயிரோடு வைத்திருக்கிறது! ரிலேயின் கால்களில் எண் இருக்கும். பேட்டரியிலிருந்து 30-க்கு, 87-லிருந்து ஃபேனுக்கு. இக்னிஷன் 85, 86 காயிலுக்கு மட்டும். அவ்வளவுதான், பேய் போய்விட்டது.

சென்சார்: தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் சூட்டுக்கு மேல்தான் ஃபேன் ஆன் ஆக வேண்டும். 82-ல் திறப்பது என்றால் 93-94-ல் ஆன், 87-88-ல் ஆஃப் வைக்கலாம். 80-ல் ஆன் ஆகும்படி வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது, ஏனென்றால் தெர்மோஸ்டாட் தண்ணீரை அதற்குக் கீழே இறங்க விடாது.

ரேடியேட்டர் ஓட்டை வழியாக பிளாஸ்டிக் டை கோர்த்து ஃபேனைக் கட்டுவார்கள். வேண்டாம். அதிர்வில் உரசி உரசி டியூபையே அறுத்துவிடும். ஃபிரேம் செய்து மாட்டுங்கள்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

ரிலேக்காரன் தம்பி வயரிங் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நாலுசக்கரம் தம்பி, நீங்கள் ஒன்றேகால் டன் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறவர். உங்கள் கதையே வேறு. நான் இதைச் செய்து, நாலு மாதம் ஓட்டி, கழற்றிப் போட்டவன். அந்த இரண்டு ஃபேனும் இன்னும் பரணில் கிடக்கின்றன.

என் வண்டியும் உங்களுடையது மாதிரிதான், 2.5 டீசல். ஃபேன் மாற்றிய முதல் வாரம் சந்தோஷமோ சந்தோஷம். வண்டி சத்தமில்லாமல் போகிறது, ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்ததும் எழும்புகிறது. டிராஃபிக்கில் நின்றாலும் டெம்பரேச்சர் முள் அசையவில்லை. நிற்கும்போது எலெக்ட்ரிக் ஃபேன் ராஜாதான், அதை மறுக்க முடியாது. ஐடிலிங்கில் பெல்ட் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும். இதுவோ முழு வேகத்தில் இழுக்கும்.

இரண்டாவது வாரம் லோடோடு ஏற்றம். இரண்டாவது கியர், மணிக்கு 20 கிமீ, இன்ஜின் 2,800-ல் கத்துகிறது. பாதி மேடு தாண்டும்போது முள் நடுவிலிருந்து கிளம்பியது. இரண்டு ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஜன்னலை இறக்கிவிட்டு, வியர்த்துக்கொண்டே ஓட்டினேன். முள் சிவப்பைத் தொட்ட இடத்தில் ஓரம் கட்டினேன். நல்லவேளை, அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. 1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் உள்ளே தண்ணீர் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய அடுத்த நொடி அத்தனையும் நீராவியாக முகத்தில்தான் அடிக்கும். முக்கால் மணி நேரம் கல் மேல் உட்கார்ந்திருந்தேன். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

யோசித்தது இதுதான். டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாக வெளியே போக வேண்டும். சமதளத்தில் 60, 70-ல் போனால் எதிர்க்காற்றே போதும், ஃபேன் சும்மா இருக்கலாம். மேட்டில் இன்ஜின் முழு பலத்தோடு வேலை செய்கிறது, காற்றோ சைக்கிள் வேகத்துக்குத்தான் வருகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டரைக் காப்பாற்றுவது ஃபேன் மட்டும்தான். பெல்ட் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து வேகமெடுக்கும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு இன்ஜின் கஷ்டப்படுவது தெரியாது. ஐடிலிங்கில் என்ன வேகமோ மேட்டிலும் அதே வேகம்.

சக்திக் கணக்கையும் பாருங்கள். 30 ஆம்பியர், 13.5 வோல்ட் என்றால் 400 வாட். அரைக் குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். நல்ல சூட்டில் பிடித்துக்கொண்டு சுற்றும் பெல்ட் ஃபேன் இன்ஜினிடமிருந்து வாங்குவது இதைப் போல பல மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்கு, அதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. "ஃபேன் சக்தியைத் தின்கிறது" என்று குறை சொல்கிறோம். சும்மா தின்னவில்லை, காற்றாகத் திருப்பித் தருகிறது.

ஆல்டர்னேட்டருக்கும் வருகிறேன். ராத்திரி, மழை என்று வையுங்கள். ஹெட்லைட் 10, மற்ற விளக்குகள் 3, வைப்பர் 5, உள் புளோயர் 10, ஃபேன்கள் 30. மொத்தம் 58. உங்கள் 65 என்பது அது நன்றாகச் சுற்றும்போது தருவது. ஐடிலிங்கில் அதில் பாதிதான் வரும். மீதி பேட்டரியிலிருந்து போகும்.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்கு உங்கள் கேள்வியில் வேறொன்று உறுத்துகிறது. விஸ்கஸ் கப்ளிங் நல்லபடி இருந்தால் நாள் முழுக்க இரையக் கூடாது. உள்ளே சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது, முன்பக்கம் பைமெட்டல் சுருள். ரேடியேட்டரிலிருந்து சூடான காற்று வந்தால் சுருள் திரும்பி எண்ணெயை விடும், ஃபேன் பிடித்துக்கொள்ளும். ஆறினால் வழுக்கிவிடும். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் இரைவது சகஜம். அப்புறம் அடங்க வேண்டும். உங்களுடையது அடங்கவே இல்லை என்கிறீர்கள், அதுவும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்த பிறகு.

நாளைக் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் கனமாக, ஆனால் தனியாகச் சுற்ற வேண்டும். அப்படியே டார்ச் அடித்துக் கப்ளிங்கின் முகத்தையும் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அதுவரை எந்த ஃபேனையும் வாங்காதீர்கள்.

---

பதினாறுடயர் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. 24 வோல்ட், ஆறு சிலிண்டர் பெரிய லாரியில் இது நடக்குமா?

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

நடக்காது அண்ணே. பெரிய இன்ஜின் ஃபேன் முழுதாகப் பிடிக்கும்போது 20 கிலோவாட், அதற்கு மேலும் வாங்கும். அதை 24 வோல்ட்டில் கொடுக்க எண்ணூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரை நாள் முழுக்க அமுக்கிப் பிடித்த மாதிரி. அதனால்தான் அந்த வண்டிகளில் ஃபேன் பெல்ட்டிலோ கியரிலோ இருக்க, காற்று கிளட்ச் வைத்து வேண்டாதபோது விடுவிக்கிறார்கள். உங்களுடையதில் அந்த கிளட்ச் இருந்தால் காற்று லீக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நாலுசக்கரம் எழுதியது:

ஸ்பேனர் அண்ணே, பார்த்தேன். ஃபேன் தனியாகச் சுற்றவே இல்லை. பலமாகத் தள்ளினால் பெல்ட் கீச்சென்று வழுக்குகிறது, புல்லியும் ஃபேனும் ஒட்டிப் பிறந்த மாதிரி சேர்ந்தே அசைகின்றன.

டார்ச் அடித்துப் பார்த்தால் கப்ளிங் முகத்தில் இரண்டு ஸ்க்ரூ தலை. எதிரும் புதிருமாக, பைமெட்டல் சுருளுக்கு இரண்டு பக்கமும். ஒன்றின் தலை பாதி தேய்ந்திருக்கிறது, சுற்றிலும் கறுப்பாக எண்ணெய் வழிந்து தூசி பிடித்த கறை. இது கம்பெனி ஸ்க்ரூவா?

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

கம்பெனி ஸ்க்ரூ இல்லை தம்பி. துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கிக் கப்ளிங்கையே பூட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் கசிந்து கப்ளிங் வழுக்கியிருக்கும், அதனால்தான் ஏற்றத்தில் ஹீட் ஆகியிருக்கிறது. புதுசு போடுவதற்குப் பதில் இதைச் செய்திருக்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் ஊர் போய்ச் சேர நானும் செய்ததுண்டு. அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். எட்டு மாதமாக உங்கள் இன்ஜின் எந்நேரமும் அந்த ஃபேனை முழு வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. சத்தம், இழுவை, டீசல் மூன்றும் அந்த இரண்டு ஸ்க்ரூவில் இருக்கிறது.

கப்ளிங்கை மட்டும் புதுசாக மாற்றுங்கள். கழற்றும்போது கவனம், நடு நட் சில வண்டிகளில் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு ஸ்பேனரை வையுங்கள். புது கப்ளிங்கைப் படுக்கப் போட்டு வைக்காமல் நிறுத்தியே வையுங்கள், எண்ணெய் ஒதுங்கிவிடும். வாட்டர் பம்ப் ஷாஃப்ட்டையும் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். இவ்வளவு நாள் ஓடியதில் பேரிங்கில் ஆட்டம் விழுந்திருந்தால் இதே வேலையோடு முடித்துவிடலாம்.

அப்புறம், ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூண்டு) முழுதாக இருக்கிறதா?

---

நாலுசக்கரம் எழுதியது:

கப்ளிங் மாற்றியாயிற்று. பம்ப்பில் ஆட்டம் இல்லை. நட் இடது மரையேதான்; நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஸ்பேனர் மேல் ஏறி நின்றிருப்பேன்.

ஷ்ரவுட்டைப் பற்றி நீங்கள் கேட்டபோது சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. கீழ்ப் பாதியே இல்லை. மேல் பாதி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றைக் கீழேயிருந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது போல. எந்த வேலைக்குக் கழற்றினார்களோ, திருப்பி மாட்டவில்லை. பழைய வண்டியிலிருந்து ஒரு கீழ்ப் பாதி கிடைத்தது, நாலு போல்ட்டில் உட்கார்ந்துவிட்டது.

நேற்று ஸ்டார்ட் செய்தேன். முதலில் அதே இரைச்சல். அடடா என்று இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சத்தம் அப்படியே தணிந்து, டர்போ விசில் கேட்டது. எட்டு மாதமாக அது கேட்கவே இல்லை. இன்று முழு லோடோடு ஏற்றம் ஏறினேன். பாதி மேட்டில் ஃபேன் பிடித்து இரைந்தது, முள் நடுவைவிட ஒரு கோடு மேலே போய் நின்றது, உச்சிக்குப் போனதும் ஃபேனும் அடங்கியது. மைலேஜை இரண்டு டேங்க் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

---

ரிலேக்காரன் எழுதியது:

ஸ்பேனர் அண்ணே, பரணில் கிடக்கும் அந்த இரண்டு ஃபேனும் எத்தனை அங்குலம்?